அட்டைப்பெட்டியில் கார் படம் போடுகிறவர்களுக்கு

காரில் பொருத்தும் டிஜிட்டல் டிவி ரிசீவர்களைத் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

சென்ற மாதம் உங்களில் ஒரு நிறுவனம் எங்களைப் போன்ற பொருத்துநர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. அதில் முக்கியமானவை இரண்டே வரி. இனி வரும் மாடலில் இரண்டாவது ட்யூனரும் (ஆண்டெனாவில் வரும் அலையிலிருந்து சேனலைப் பிடிக்கிற பகுதி) இரண்டாவது ஆண்டெனா சாக்கெட்டும் இருக்காது. பெட்டி சின்னதாகும், பொருத்துவது சுலபமாகும். புது அட்டைப்பெட்டியின் படத்தையும் கூடவே வைத்திருந்தார்கள். சாலையில் பறக்கிற ஒரு கார், அதற்கு மேலே "காருக்காகவே உருவாக்கப்பட்டது" என்ற பழைய வாசகம். அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

பதினெட்டு வருடமாக வண்டிகளுக்கு ஒயரிங் செய்கிறேன். ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, ஸ்க்ரீன், டிவி ரிசீவர் என்று டேஷ்போர்டைப் பிரித்துப் போட்டு நான் பொருத்தியவற்றுக்குக் கணக்கு வைத்ததில்லை. அந்தச் சுற்றறிக்கையை மற்ற காகிதங்களோடு சேர்த்துக் குத்திவைக்க மனம் வரவில்லை. அந்த வாசகத்தை நம்பி வாங்குகிறவர் ஒரு வாரம் கழித்துத் திரும்பி வரும்போது அவர் முகத்தைப் பார்ப்பது நான்தான். அதனால் நான் பார்த்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பெண், தன் அம்மாவை வாரத்துக்கு இரண்டு தடவை சிகிச்சைக்காக வெகுதூரம் காரில் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறார். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். பின் சீட்டில் அம்மாவுக்கு அலுப்பு தாங்கவில்லை. வீட்டில் பார்க்கிற செய்தியும் மத்தியான நிகழ்ச்சியும் வண்டியிலும் ஓடினால் போதும் என்று கேட்டார். போனில் போட்டுக் கொடுத்தால் எழுத்து தெரியவில்லை, சேனல் மாற்றவும் அவருக்கு வரவில்லை. மகளே ஒரு பெட்டி வாங்கிவந்தார். ஒரே ட்யூனர், ஒரே ஆண்டெனா, அட்டையில் கார் படம். ஸ்க்ரீனை முன் சீட்டின் பின்பக்கம் மாட்டி, முன் கண்ணாடியின் மேல் ஓரத்தில் ஃபிலிம் ஆண்டெனாவை ஒட்டி, சேனல் தேடவிட்டேன். எல்லாச் சேனலும் வந்தது, படம் பளிச்சென்று இருந்தது. அம்மா ரிமோட்டை வாங்கி ஒவ்வொரு சேனலாக மாற்றிப் பார்த்துச் சிரித்தார்.

நான்காம் நாள் திரும்பி வந்தார்கள். "நிற்கும்போது வருது, ஓடும்போது வரமாட்டேங்குது" என்றார் மகள். அவரை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின் சீட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மெனுவில் சிக்னல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். அதில் இரண்டு பட்டைகள் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மேலே இருப்பது வலிமை, கீழே இருப்பது தரம். வண்டி நிற்கும்வரை இரண்டும் பச்சை. நெடுஞ்சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் வலிமைப் பட்டை அப்படியே நின்றது, தரப் பட்டை மட்டும் விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது. மெனுவை மூடினேன். செய்தி வாசிப்பவரின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து, கண் ஒரு பக்கமும் தாடை ஒரு பக்கமுமாக உறைந்து நின்றது. சத்தம் துண்டு துண்டாக வெட்டுப்பட்டு, அப்புறம் சுத்தமாக நின்றது. கறுப்புத் திரையில் "சிக்னல் இல்லை" என்று வந்தது. ஒரு சந்திப்பில் வண்டி நின்றதும் படம் ஒன்றும் நடக்காதது போலத் திரும்ப வந்தது. அம்மா ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு, "நான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா தம்பி?" என்று கேட்டார்.

இல்லை அம்மா, உங்கள் மேல் தப்பில்லை என்று சொன்னேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நீங்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்பது உங்கள் பொறியாளர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் இந்த மடலைப் படிக்கிற மற்றவர்களுக்காக எழுதுகிறேன். டிவி அலை 600 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் அலைநீளம் அரை மீட்டர். கோபுரத்திலிருந்து நேராக வருகிற அலையும், கட்டடத்திலும் பக்கத்து லாரியிலும் பட்டுத் தெறித்து வருகிற அலைகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும்போது, சில இடங்களில் சேர்ந்து பலமாகின்றன, சில இடங்களில் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. அப்படிச் சிக்னல் இறங்குகிற பள்ளங்கள் ஏறத்தாழ 25 சென்டிமீட்டருக்கு ஒன்று வரக்கூடும். 100 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 28 மீட்டர் தாண்டுகிறது. அந்த ஒரு நொடிக்குள் கூரையில் இருக்கிற ஒற்றை ஆண்டெனா நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளங்களில் இறங்கி ஏற வேண்டியிருக்கும். வீட்டு மாடியில் இருக்கிற ஆண்டெனாவுக்கு இந்தப் பாடு கிடையாது. அதை ஒரு நல்ல இடம் பார்த்து ஒருமுறை நட்டுவிட்டால் போதும்.

இது பாதிக் கதைதான். வண்டி ஓடும்போது டாப்ளர் விளைவால் அலைவரிசையே கொஞ்சம் நகர்கிறது. அதே வேகத்தில், அதே 600 மெகாஹெர்ட்ஸில், அந்த நகர்வு சுமார் 55 ஹெர்ட்ஸ். முன்னாலிருந்து வருகிற அலை அந்த அளவு கூடும், பின்னாலிருந்து வருகிறது அந்த அளவு குறையும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஐரோப்பாவில் தொடங்கிய தரைவழி டிஜிட்டல் டிவி முறையான டிவிபி-டி, ஒரு சேனலை ஆயிரக்கணக்கான மெல்லிய இழைகளாகப் பிரித்து அனுப்புகிறது. 8 மெகாஹெர்ட்ஸ் சேனலில் 8கே முறை என்றால் (இந்த 'கே' இழைகளின் எண்ணிக்கை அளவு, படத்தின் தெளிவு அல்ல) இழைக்கு இழை இடைவெளி 1,116 ஹெர்ட்ஸ். அங்கே 55 ஹெர்ட்ஸ் நகர்ந்தால் சமாளித்துக்கொள்ளலாம். அடுத்த தலைமுறையான டிவிபி-டி2 முறையில் 32கே வரை போகலாம். அப்போது இடைவெளி வெறும் 279 ஹெர்ட்ஸ். அதில் ஐந்தில் ஒரு பங்கு நகர்ந்தால் ஓர் இழை அடுத்த இழைக்குள் கசிந்து குழப்பும். வலிமைப் பட்டை அசையாமல் தரப் பட்டை மட்டும் விழுவதற்கு இதெல்லாம்தான் காரணம். சிக்னல் வேண்டிய அளவு வருகிறது, ஆனால் குழம்பிப்போய் வருகிறது. அப்படிப்பட்ட நேரத்தில் ஆண்டெனாவில் பூஸ்டர் வைத்தால் குழப்பமும் சேர்ந்து பெரிதாகும், அவ்வளவுதான். உங்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால் இன்றும் முதல் பதில் "பூஸ்டர் வாங்கி வையுங்கள்" என்பதுதான்.

இதற்கான மருந்து ஒன்றும் புதிதல்ல. டைவர்சிட்டி என்று பெயர். இரண்டு ஆண்டெனாவைத் தள்ளித் தள்ளி வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி ட்யூனர் கொடுத்து, இரண்டிலும் வருவதைச் சேர்த்துக் கூட்டினால், ஒன்று பள்ளத்தில் இருக்கும்போது இன்னொன்று மேட்டில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஜப்பானில் கார்களுக்கு விற்கும் ட்யூனர்களில் நான்கு ஆண்டெனா, நான்கு ட்யூனர் என்பது சாதாரணம். அந்த நாலாவது சாக்கெட்டை யாரும் அலங்காரத்துக்காக வைக்கவில்லை.

அந்த அம்மாவின் காரில் ஒற்றைப் பெட்டியைக் கழற்றிவிட்டு, என்னிடம் சோதனைக்காக இருந்த இரண்டு ட்யூனர் பெட்டியை மாட்டினேன். ஓர் ஆண்டெனா முன் கண்ணாடியில், இன்னொன்று பின்பக்கத்து ஓர ஜன்னல் கண்ணாடியில். அதே சாலை, அதே வேகம், அதே சேனல். நீளமான ஒரு மேம்பாலத்துக்குக் கீழே ஒரு தடவை படம் உறைந்து மூன்று எண்ணுவதற்குள் திரும்ப வந்தது. மலை மறைக்கிற ஒரு வளைவில் ஒரு தடவை போனது. மற்ற நேரமெல்லாம் செய்தி வாசிப்பவரின் முகம் ஒரே முகமாக இருந்தது. குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மூன்று மணி நேரப் பயணத்தில் இரண்டு தடவை நின்றால் யாரும் கோபப்பட மாட்டார்கள். நிமிடத்துக்கு இரண்டு தடவை நிற்பதை டிவி என்று சொல்லக் கூடாது.

சுற்றறிக்கையில் நீங்கள் வேண்டாம் என்று வெட்டியது இந்த இரண்டாவது ட்யூனரைத்தான்.

விலையைக் குறைக்க வேண்டும் என்ற உங்கள் கஷ்டம் எனக்குப் புரியாமல் இல்லை. நிறுத்திவைத்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். வண்டியிலேயே தங்கிப் பயணம் போகிறவர்கள், சரக்கு இறக்கும்வரை லாரியில் காத்திருக்கிற ஓட்டுநர்கள். அவர்களுக்கு ஒற்றை ட்யூனர் தாராளமாகப் போதும். அவர்களுக்கு அதை விற்பதில் எனக்கு ஒரு தகராறும் இல்லை. அட்டையில் "நிறுத்திய வண்டியில் பார்க்க" என்று எழுதி விற்றால் நானே நாலு பேருக்குச் சொல்லி வாங்க வைப்பேன். ஓடுகிற காரைப் படமாகப் போட்டு விற்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அட்டையில் போடும் வேறு சில வார்த்தைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். "டிவிபி-டி2 ஆதரவு" என்று போடுகிறீர்கள். அந்த ஒரு பெயருக்குள் 1கே முதல் 32கே வரை ஆறு அளவுகள் இருக்கின்றன. பிரிட்டனில் இந்த முறையில் 32கே, அதோடு ஒவ்வோர் இழையிலும் நிறையத் தகவலைத் திணிக்கும் 256 குவாம் வைத்து அனுப்புகிறார்கள். கூரை ஆண்டெனா வைத்த வீட்டில் நிறைய ஹெச்டி சேனல் வர வேண்டும் என்ற கணக்கில் எடுத்த முடிவு அது. வேறோர் ஒலிபரப்பாளர் குறைந்த சேனல், கூடுதல் உறுதி என்று முடிவெடுக்கலாம். அதே பெட்டி ஒரு நாட்டில் காரில் ஓரளவு ஓடும், இன்னொரு நாட்டில் தெருமுனை தாண்டாது. வாங்குகிறவருக்கு இது தெரிய வழியே இல்லை. அவருக்குத் தெரிந்தது அட்டையில் இருக்கிற "டி2" மட்டும்தான்.

ஒலிபரப்பும் பெட்டியும் காரை மனதில் வைத்துச் சேர்ந்து யோசித்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. அங்கே ஐஎஸ்டிபி-டி என்ற அவர்களுடைய டிஜிட்டல் டிவி முறையில் ஒரு சேனலை 13 கூறுகளாகப் பிரித்து, அதில் நடுவில் இருக்கிற ஒன்றைக் கையிலும் வண்டியிலும் பார்ப்பவர்களுக்கென்றே ஒதுக்கினார்கள். அந்த ஒன்-செக் சேவை 2006 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. கார் ட்யூனர், சிக்னல் நன்றாக இருந்தால் 12 கூறுகளின் தெளிவான படத்தைக் காட்டும். மோசமானால் தானாகவே அந்த ஒரு கூறுக்கு இறங்கும். படம் சின்னதாக, மங்கலாக இருக்கும், ஆனால் செய்தி நிற்காது. அமெரிக்காவின் முதல் டிஜிட்டல் முறையான ஏடிஎஸ்சி அதற்கு நேர் எதிர். ஒற்றை அலையில் அனுப்பும் முறை, நகராத ஆண்டெனாவுக்காகச் செய்தது, ஓடுகிற வண்டியில் திணறும். அந்த நாட்டுக்கு அனுப்பும் பெட்டியிலும் நீங்கள் அதே கார் படத்தைத்தான் போடுகிறீர்கள்.

அடுத்தது ஆயுள். ஜெர்மனியின் பெர்லினில் 2003 ஆகஸ்டில் தரைவழி அனலாக் ஒலிபரப்பை நிறுத்தி டிவிபி-டி முறைக்கு மாறினார்கள். அதை நம்பி கார்களுக்குத் தொழிற்சாலையிலேயே ட்யூனர் வைத்தார்கள். 2017 மார்ச் 29 அன்று பெருநகரப் பகுதிகள் டிவிபி-டி2 முறைக்கும் ஹெச்இவிசி என்ற புது வீடியோ சுருக்க முறைக்கும் மாறின. பழைய ட்யூனர் அந்த அலையையும் பிரிக்காது, அந்தப் படத்தையும் விரிக்காது. வீட்டில் இருப்பவர் ஒரு செட்டாப் பாக்ஸ் வாங்கி டிவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். காரில் டேஷ்போர்டுக்குள் புதைந்து கிடக்கிற ட்யூனரை எங்கே போய் மாற்றுவது? வண்டி பத்துப் பதினைந்து வருடம் ஓடுகிறது. அதற்குள் வைக்கிற பெட்டியை மூன்று வருடப் பொருளாக நினைத்துச் செய்கிறீர்கள்.

என் அனுபவத்திலேயே ஒன்று. ஒரு வாடிக்கையாளரின் பெட்டியில் திடீரென்று பாதிச் சேனல்கள் சத்தம் மட்டும் வந்து படம் வரவில்லை. ஒலிபரப்பாளர் சுருக்க முறையை மாற்றியிருந்தார். பெட்டிக்குள் இருந்த சிப் அதை விரிக்கும் திறன் உள்ளதுதான், மென்பொருளில் திறந்துவிட்டால் போதும். விற்ற நிறுவனத்துக்கு மூன்று தடவை எழுதினேன். "இந்த மாடல் நிறுத்தப்பட்டுவிட்டது" என்று ஒரே ஒரு வரி பதில் வந்தது. பெட்டியின் பக்கவாட்டில் யூஎஸ்பி துளை இருந்தது, அதற்கு மேலே "அப்டேட்" என்று அச்சடித்தும் இருந்தது. அந்தத் துளையில் போட இன்றுவரை ஒரு கோப்புகூட வரவில்லை.

அலைவரிசையும் முன்போல இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 694 மெகாஹெர்ட்ஸுக்கு மேலே இருந்த டிவி இடத்தை மொபைல் சேவைக்குக் கொடுக்க 2020 ஜூன் 30 என்று கெடு வைத்தார்கள். அங்கே 703 மெகாஹெர்ட்ஸிலிருந்து போன்கள் தங்கள் கோபுரத்தோடு பேசுகின்றன. வீட்டில் இது பெரிய பிரச்சினை இல்லை, ஆண்டெனா மாடியில் இருக்கிறது, போன் கீழே இருக்கிறது. காரில் பாருங்கள். முன் சீட்டில் இருப்பவரின் போன் டேஷ்போர்டில் நிற்கிறது, அதற்கு ஒரு முழம் மேலே ஃபிலிம் ஆண்டெனா. சரியான வடிகட்டி இல்லாத ட்யூனருக்கு அந்தப் போன் காதுக்குள் கத்துகிற மாதிரி. இருந்தும் நான் திறந்து பார்த்த பல பெட்டிகளின் ட்யூனர், வீட்டுப் பெட்டியில் இருந்த அதே பழைய ட்யூனர், 862 மெகாஹெர்ட்ஸ் வரை கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

ஆண்டெனா விஷயத்தில் உங்கள் கையேடு பேசாமல் விடுவது அதிகம். வெப்பத்தைத் தடுக்க உலோகப் பூச்சு போட்ட முன் கண்ணாடிகள் இப்போது நிறைய வருகின்றன. அதில் உள்பக்கம் ஃபிலிம் ஆண்டெனாவை ஒட்டினால் தகரத்துக்குப் பின்னால் ஒட்டியது போலத்தான். அப்படிப்பட்ட பல கண்ணாடிகளில் ரியர்வியூ கண்ணாடிக்குப் பக்கத்தில் பூச்சில்லாத ஒரு சின்ன இடம் விட்டிருப்பார்கள், ஆனால் ஆண்டெனா ஃபிலிமுக்கு அது பத்தாது. கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இருந்திருந்தால் ஒட்டிய ஃபிலிமை உரித்து வீணாக்கியிருக்க மாட்டேன். ஒருமுறை உரித்தால் அந்த மெல்லிய கம்பிக்கோடு கிழிந்துவிடும், திரும்ப ஒட்ட முடியாது. இன்னொன்று, ஆண்டெனாவின் ஆம்ப்ளிஃபயருக்கு 5 வோல்ட் கொடுக்கும் வசதியை மெனுவின் ஆழத்தில் எங்கேயோ ஒளித்து, தொழிற்சாலையிலிருந்தே அணைத்து அனுப்புகிறீர்கள். ஆண்டெனாவை நீங்களே கூடக் கொடுத்துவிட்டு, அதற்கு மின்சாரத்தை ஏன் மூடி வைக்க வேண்டும்?

மின்சாரம் என்றதும் பேட்டரி. ஒருவர் இரண்டு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்து வண்டியை எடுத்தால் செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி இறங்கிக் கிடந்தது. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கி மீட்டரைத் தொடராக வைத்துப் பார்த்ததில், ரிமோட்டில் அணைத்து வைத்த டிவி ரிசீவர் சும்மா இருந்தே 50 மில்லிஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, 14 நாளில் 16.8. வயதான பேட்டரிக்கு அது போதும் சாக. சாவியோடு சேர்ந்து அணைகிற இணைப்பில் கொடுக்கலாமே என்பீர்கள். கொடுத்தால் ஒவ்வொரு தடவை வண்டி எடுக்கும்போதும் உங்கள் பெட்டி சேனல் பட்டியலை மறந்துவிடுகிறது. அதனால்தான் நிரந்தர இணைப்பில் கொடுக்கச் சொல்லி உங்கள் கையேடே சொல்கிறது. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி மின்னழுத்தம் ஒரு கணம் சரிவது எல்லா வண்டியிலும் நடக்கிறது. அதைத் தாங்காமல் பெட்டி அணைந்து எழுவதும், எழும்போது சத்தத்தை உச்சத்தில் வைத்து எழுவதும், 12 வோல்ட் ஒயர் மட்டும் மாற்றிய வீட்டுப் பெட்டி என்பதற்கு அடையாளம். அந்த அம்மா ஒருமுறை திடுக்கிட்டு மகளின் தோளைப் பிடித்துவிட்டார். மகள் அப்போதுதான் வண்டியை நகர்த்த ஆரம்பித்திருந்தார்.

இப்போது ஹேண்ட்பிரேக் ஒயர். இதில்தான் எனக்கு மிகவும் மனக்கஷ்டம். முன் சீட்டில் தெரிகிற ஸ்க்ரீனோடு வரும் செட்டுகளில் ஒரு மெல்லிய ஒயர் இருக்கும். ஹேண்ட்பிரேக் போட்டால் மட்டும் படம் வர வேண்டும் என்பதற்காக வைத்தது. அதை ஹேண்ட்பிரேக் சுவிட்சில் சேர்க்க வேண்டும். உங்களில் சிலரின் கையேட்டில், "ஓட்டத்தில் படம் தேவைப்பட்டால் இந்த ஒயரை எர்த்தில் சேர்க்கவும்" என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். அதற்கென்றே தனி அடாப்டரும் விற்கிறீர்கள். தொழிலுக்கு வந்த புதிதில், வாடிக்கையாளர் கேட்டார் என்று நானும் அந்த ஒயரை எர்த்தில் சேர்த்திருக்கிறேன். அப்படி நான் சேர்த்துக் கொடுத்த ஒரு வண்டி முன்பக்கம் நசுங்கி என் பட்டறைக்கே வந்தது. ஓட்டியவருக்குப் பெரிய காயம் இல்லை. விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஒரு நொடி பார்த்தேன் என்றார். அன்றிலிருந்து அந்த வேலையைச் செய்வதில்லை. வேறு கடைக்குப் போகிறேன் என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. போகட்டும். பிரிட்டனில் 1986-ஆம் வருட வாகன விதிகளின் 109-ஆவது பிரிவு, ஓட்டுநரின் கண்ணுக்கு நேராகவோ, எதிலாவது பிரதிபலித்தோகூட அப்படிப்பட்ட படம் தெரியக் கூடாது என்கிறது. பிரதிபலிப்பைக்கூட யோசித்து விதி எழுதியிருக்கிறார்கள். நீங்கள் அந்த ஒயரை எங்கே சேர்க்க வேண்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டுகிறீர்கள்.

இதற்கெல்லாம் உங்களில் சிலர் சொல்லும் பதில் எனக்குத் தெரியும். இனி எல்லாரும் போனில்தான் பார்ப்பார்கள், இந்தப் பொருளுக்கே எதிர்காலம் இல்லை, எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்? புயல் மழை அடித்த ஒரு ராத்திரி நான் நெடுஞ்சாலையில் வண்டிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டேன். முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு விளக்குகள். எல்லார் கையிலும் போன் இருந்தது, எல்லாரும் ஒரே நேரத்தில் திறந்ததால் எதிலும் வீடியோ வரவில்லை, வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. என் வண்டியில் சோதனைக்கு மாட்டியிருந்த ரிசீவரில் செய்தி வந்தது. எந்தப் பாலம் மூடியிருக்கிறது, தண்ணீர் எங்கே ஏறுகிறது என்று கீழே எழுத்து ஓடியது. பக்கத்து வண்டிகளிலிருந்து ஏழெட்டுப் பேர் மழையில் இறங்கி வந்து என் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். ஒருவர் நனைந்த கையால் ஒவ்வோர் ஊர்ப் பெயரையும் படித்துப் பின்னால் இருந்தவர்களுக்குச் சொன்னார். கோபுரத்திலிருந்து வருகிற ஒலிபரப்புக்கு ஒருவர் பார்த்தாலும் லட்சம் பேர் பார்த்தாலும் ஒரே சுமைதான், கூட்டம் சேர்ந்தால் அது அடைத்துக்கொள்ளாது. இந்தப் பொருளுக்கு எதிர்காலம் இல்லை என்று அன்று அந்த மழையில் நின்றவர்களிடம் யாராலும் சொல்லியிருக்க முடியாது.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். இரண்டாவது ட்யூனரை நீக்கும் அந்த முடிவைத் திரும்பப் பெறுங்கள். அது முடியாது என்றால் ஒற்றை ட்யூனர் பெட்டியின் அட்டையிலிருந்து ஓடுகிற காரையும் "காருக்காகவே" என்ற சொல்லையும் எடுத்துவிட்டு, நிறுத்திய வண்டிக்கு என்று எழுதுங்கள். எல்லாப் பெட்டியின் அட்டையிலும், உள்ளே இருக்கும் கையேட்டில் இல்லை, வெளியே அட்டையில், எத்தனை ட்யூனர், எத்தனை ஆண்டெனா, எந்த முறையில் எத்தனை கி.மீ. வேகம்வரை ஓட்டிச் சோதித்தீர்கள், எந்தச் சுருக்க முறைகளைப் பிரிக்கும், அணைத்து வைத்தால் எத்தனை மில்லிஆம்பியர் இழுக்கும் என்பதை அச்சிடுங்கள். ஓட்டிச் சோதிக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள்.

விற்ற நாளிலிருந்து குறைந்தது ஏழு வருடம் மென்பொருள் தருவோம் என்று எழுத்தில் கொடுங்கள். மாடலை நிறுத்தினாலும் அந்த வாக்கு நிற்க வேண்டும். டிவிக்கான இடம் 694 மெகாஹெர்ட்ஸோடு முடிகிற நாடுகளுக்கு அதற்கேற்ற வடிகட்டியோடு அனுப்புங்கள். சேனல் பட்டியலையும் சத்தத்தின் அளவையும் மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகத்தில் வையுங்கள். அதற்கு ஆகும் செலவு அந்த அட்டையை அச்சடிக்கும் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்பது பெட்டிகளைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் என் கணிப்பு. உலோகப் பூச்சுக் கண்ணாடி பற்றி ஒரு பக்கம், படத்தோடு, கையேட்டில் சேருங்கள்.

ஹேண்ட்பிரேக் ஒயரை எர்த்தில் சேர்க்கச் சொல்லும் அந்தப் பக்கத்தைக் கிழித்தெறியுங்கள். அந்த அடாப்டரை விற்பதை இன்றே நிறுத்துங்கள். இதில் மட்டும் அடுத்த மாடல்வரை என்று தவணை கேட்காதீர்கள்.

கடைசியாக, ஓடுகிற கார் படத்தை நம்பி ஒற்றை ட்யூனர் பெட்டி வாங்கியவர்கள் கேட்டால் மாற்றிக் கொடுங்கள், அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். அந்த அம்மாவின் காரிலிருந்து நான் கழற்றிய பெட்டி, அட்டையோடும் ரசீதோடும் என் மேசையில் இருக்கிறது. இரண்டு ட்யூனர் பெட்டியை அவர்களிடமே விட்டுவிட்டேன், அதற்கு நான் பணம் வாங்கவில்லை. கழற்றிய பெட்டியை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்கு எழுதுங்கள். அதற்கான பணம் என்னிடம் வர வேண்டாம், ரசீதில் பெயர் உள்ள அந்த மகளுக்குப் போய்ச் சேர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் பெட்டிகளைப் பொருத்துகிற ஒருவன்